மலை ஷூவும் பத்தாவது நடையும்

போன மாதம் பாஸ்கர் போன் செய்தான். எனக்குக் கீழே தரப் பரிசோதனைப் பிரிவில் பதினோரு வருடம் இருந்தவன். இப்போது வேளச்சேரிப் பக்கம், மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையொன்றில் விற்பனையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான்.

"சார், ஒல்லிக் காலுக்கு லைட்வெய்ட் அப்ரோச் ஷூ எப்படிப் பாத்து எடுக்கறதுன்னு அரைப் பக்கம் எழுதிக் குடுங்க. கடைப் பசங்க நம்பரக் கேட்டுட்டு டப்பாவ நீட்டிடறாங்க. வாங்குனவன் அடுத்த வாரமே பிஞ்ச கட்டைவிரலோட வந்து நிக்கறான்" என்றான்.

அப்ரோச் ஷூ என்பது பாறை ஏறுகிறவர்கள் பாறையின் அடிவரை நடந்துபோகப் போட்டுக்கொள்வது. அடிக்கு வந்ததும் அதைக் கழற்றி இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு, வேறு இறுக்கமான ஷூவில் ஏறுவார்கள். இறங்கும்போது மறுபடி இதுதான். அதனால் எடை குறைவாக இருக்க வேண்டும், கல்லில் வழுக்கக் கூடாது, இறக்கத்தில் கால் உள்ளுக்குள் ஓடக் கூடாது. முதல் இரண்டையும் காசு கொடுத்தால் வாங்கிவிடலாம். மூன்றாவது, போடுகிறவரின் காலைப் பொறுத்தது. கால் ஒல்லியாக இருந்தால் அது இன்னும் கடினம்.

அரைப் பக்கம் எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்தது எல்லாம் எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லாமல் எழுதினால் அது பொய்த் தாள் ஆகிவிடும். பொய்த் தாள்களை வேலையில் இருந்தபோதே போதிய அளவு எழுதிவிட்டேன். அதனால் முதலில் முழுக் கதையையும் எழுதிவிடுகிறேன். பாஸ்கர் அரைப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொள்ளட்டும்.

தோல் தொழில்நுட்பத்தில் டிப்ளமா படித்தேன். பம்மலில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் மூன்று வருடம் ஓடியது. அந்த வாசனையோடு மின்சார ரயிலில் ஏறினால் தாம்பரம் வரை எனக்கு எப்போதும் உட்கார இடம் கிடைக்கும். எண்பதுகளின் நடுவில் பல்லாவரத்தில் ஒரு ஏற்றுமதி ஷூ தொழிற்சாலையில் சேர்ந்தேன். தையல் எண்ணுவது, ஒட்டுப் பசையை இழுத்துப் பார்ப்பது, இடக்காலும் வலக்காலும் ஒரே நிறமா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, இப்படி ஆறேழு வருடங்கள். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இவ்வளவு போதும். எல்லாருக்கும் அது ஒரே மாதிரிதான் இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஐரோப்பிய வியாபாரி மலை ஷூவுக்கு ஆர்டர் கொடுக்க வந்தார். மாதிரி தேறினால்தான் ஆர்டர். கூடவே நாற்பது பக்கக் கோப்பு ஒன்றும் வந்தது. அதை முழுக்கப் படித்தவன் தொழிற்சாலையில் நான் ஒருவன்தான். ஒல்லிக் காலுக்கென்று தனி வரிசை, ஒரு ஷூ இத்தனை கிராமுக்கு மேல் போகக் கூடாது என்ற கட்டளை. கடைசியில் நடைப் பரிசோதனை: அந்த அளவுக் காலுள்ள ஒருவர் பாறைச் சரிவில் பத்து முறை ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் அவரே தன் கையால் அட்டையில் எழுத வேண்டும். முடிந்ததும் அந்த ஜோடியைக் கழுவாமல், துடைக்காமல், இருந்தது இருந்தபடியே திருப்பி அனுப்ப வேண்டும்.

பொது மேலாளர் வரதராஜன் சாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் யாரையும் அதட்டியதில்லை. கடைநிலைத் தொழிலாளியைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். மாதிரி அறைக்குள் யாரும் செருப்போடு போகக் கூடாது. ஷூ செய்கிற இடத்தில் ஷூவை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போவோம். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு கையாலும் எடுப்பார். பார்த்து முடித்ததும் வெள்ளைக் கைக்குட்டையில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். வெளிநாடு போகும் பார்சலுக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் ஆணி அடிக்கச் சொல்வார். "நம்ம மானம் அந்தப் பெட்டியில போகுது, கணேசன்" என்பார். அவரை அயோக்கியன் என்று சொல்லிவிட்டால் என் வேலை சுலபமாகிவிடும். அப்படிச் சொல்ல முடியவில்லை.

முதல் சிக்கல் கால் கிடைப்பது. வியாபாரி கேட்டது பெண்கள் அளவு முப்பத்தேழு, ஒல்லி. ஒரு ஷிப்ட் முழுவதையும் வரிசையில் நிற்கவைத்து அளந்தேன். பாதி வாழ்க்கை வெறுங்காலிலும் மீதி ரப்பர் செருப்பிலும் நடந்த கால்கள். விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருந்தன. நீளம் சரியாக இருந்தால் அகலம் அளவுக் கட்டையை விட்டு வெளியே நின்றது.

தையல் பிரிவு குப்பம்மா கால் வைத்தபடியே கேட்டாள்: "இன்னா சார், காலப் பாத்து கண்ணாலம் கட்டிவெக்கப் போறியா?"

"ஒல்லிக் கால் வேணும்மா."

"ஒல்லிக் காலா? எங்கூட்டுல ஒல்லியா கீறது அடுப்பு ஊதுற கொழா ஒண்ணுதான். பேக்கிங்ல ஒரு டீச்சர் வூட்டுப் பொண்ணு கீதே, ஜெசிந்தா, அத்தப் பாரு. கொக்கு மாரி கால வெச்சுகினு வரும்."

ஜெசிந்தா டெம்பரரி. பெட்டியில் ஷூவைத் தாளில் சுற்றி வைக்கும் வேலை. மேற்குத் தாம்பரத்தில் வீடு. அப்பா சாமுவேல் பள்ளிக்கூட வாத்தியார். தன் பிள்ளைகள் நாலு வயதிலிருந்து கயிறு கட்டிய ஷூ போட்டுத்தான் பள்ளிக்கும் கோயிலுக்கும் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். அந்தப் பிடிவாதம் அவள் காலில் தெரிந்தது. அளவுக் கட்டையை வைத்தேன், முப்பத்தேழு, ஒல்லி, ஒரு மயிரிழை கூடக் குறைய இல்லை.

வரதராஜன் சார் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ட்ரையல் பாஸாகி ஆர்டர் வந்துட்டா, அடுத்த பெர்மனென்ட் லிஸ்ட்ல உங்க பேர்தான் முதல்ல."

வெளியே வந்ததும் அவள் என்னிடம் கேட்டாள்: "நிஜமாவா சார்? ரெண்டு வருஷமா மூணு மாசத்துக்கு ஒரு தடவ நிறுத்திட்டு மறுபடி சேக்கறாங்க. ஒவ்வொரு தடவையும் அப்பா ஜெபம் பண்ணிப் பண்ணி முழங்கால் தேஞ்சு போச்சு."

"அவர் சொன்னா செய்வார்" என்றேன். அது உண்மை. சொன்னதை எல்லாம் செய்கிறவர்.

இரண்டாவது சிக்கல் கட்டை. ஷூவைக் காலின் வடிவத்தில் செதுக்கிய அச்சின் மேல் இழுத்துத்தான் செய்வார்கள். அந்த அச்சைத்தான் எங்கள் ஆட்கள் கட்டை என்பார்கள். ஒல்லி வரிசைக்கு ஒல்லிக் கட்டை வேண்டும், ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியாக. வந்து சேர மாதங்கள் ஆகும். வரதராஜன் சார் ஒரு வழி கண்டுபிடித்தார்: சாதாரணக் கட்டையிலேயே செய்து, உள்ளே கூடுதலாக ஓர் உள்ளங்கால் அட்டை போட்டு இடத்தை அடைத்துவிடலாம். அட்டை போட்டதும் எடை கட்டளையைத் தாண்டியது. வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய சின்னத் தராசில் நான்தான் நிறுத்துக் காட்டினேன். உடனே குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பின்புற அட்டையை மெலிதாக்கச் சொன்னார். எடை சரியானது.

"சார், இது தப்பு" என்றேன். "உள்ளே அட்டை போட்டா கால் மேல தூக்கிக்கும். குதிகால் அதோட குழிய விட்டு வெளிய வரும். பிடிக்க வேண்டிய பின்னட்டையும் இப்ப மெலிசு. அகலம் குறையவே இல்ல, ஒசரம்தான் குறைஞ்சிருக்கு."

அவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க படிச்சவரு, கணேசன். ஆனா நடந்து பாக்காம எப்படிச் சொல்றீங்க? நடக்கட்டும். அந்தப் பொண்ணு எழுதற அட்டையில என்ன வருதோ வரட்டும்."

நடந்தோம். வாரத்தில் மூன்று நாள், காலை ஏழு மணிக்குத் தொழிற்சாலை வேன் எங்களைப் பல்லாவரம் மலையின் பின்புறம், பழைய கல் குவாரி ஓரம் இறக்கிவிடும். முறையை இன்றும் தூக்கத்தில் சொல்வேன். மலையில் போடப்போகும் அதே சாக்ஸில், நின்ற நிலையில், இரு காலிலும் எடை சமமாக இருக்கக் காலை அளக்க வேண்டும். சாக்ஸின் குதிகாலில் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். கயிற்றைக் கட்டியதும், கயிறு நுழையும் துளைகளான இரண்டு பக்கக் கண்ணி வரிசைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளவுகோலால் பார்க்க வேண்டும். இறங்கி வந்ததும் ஷூவைக் கழற்றி, சுண்ணாம்பு உட்புறத் துணியில் எவ்வளவு உயரம் வரை பூசியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். குதிகால் எவ்வளவு தூக்கியதோ அவ்வளவு உயரம்.

முதல் நாளே கண்ணி வரிசைகள் இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. இனி இழுக்கக் கயிற்றில் இடம் இல்லை. ஜெசிந்தா ஏறும்போது ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது நாலு அடிக்கு ஒரு தரம் நின்றாள்.

"என்னம்மா?"

"கால் முன்னால போய் மோதுது சார். பின்னால குதிகால் வெளிய வந்து எட்டிப் பாக்குது. நம்ம தாம்பரம் பஸ் மாதிரி, பிரேக் போட்டா உள்ள இருக்கறவங்கல்லாம் டிரைவர் மேல போய் விழறாங்க."

சிரித்துவிட்டு அட்டையில் எழுதினாள்: 'முதல் நடை. கயிறு முழுதும் இழுத்தும் தளர்வு. இறங்கும்போது குதிகால் தூக்குகிறது. கட்டைவிரல் முட்டுகிறது.' வாத்தியார் மகளின் சாய்வில்லாத எழுத்து.

அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். வரதராஜன் சார் படித்துவிட்டு, "கயித்த இன்னும் இறுக்கிக் கட்டச் சொல்லுங்க" என்றார். வரிசைகள் முட்டிக்கொண்ட பிறகு எதை இறுக்குவது என்றேன். "ரெண்டு சாக்ஸ் போடலாமே" என்றார். ஜெசிந்தா இரண்டு சாக்ஸோடு நடந்தாள். 'இரண்டாம் நடை. சாக்ஸ் ஷூவுக்குள் சுழல்கிறது. கொப்புளம்.' ஒரு நம்பர் சின்னதாகக் கொடுத்துப் பாருங்கள் என்றார். அறைக்குள்ளேயே போட்டுப் பார்த்துவிட்டு அவள் தலையை ஆட்டினாள். நீளம் குறைந்ததே தவிர அகலம் அப்படியேதான் இருந்தது. ஒல்லிக் காலுக்கு வேண்டியது குட்டை ஷூ இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது, எனக்குப் புரிந்தது. ஆனால் கையெழுத்துப் போட வேண்டியது வேறு ஒருவர்.

ஐந்தாவது நடைக்குப் பிறகு அவளே கேட்டாள்: "சார், நான் நல்லாருக்குன்னு எழுதிட்டா என்ன? லிஸ்ட்ல பேர் வந்துடுமில்ல?"

நான் கோப்பைப் படித்தவன். "உண்மையத்தான் எழுதணும்மா. அதான் முறை" என்றேன். அவள் உண்மையையே எழுதினாள், ஒன்பது நடைக்கும். இந்தக் கதையில் முறைப்படி நடந்துகொண்டது அவள் ஒருத்திதான்.

பத்தாவது நடையன்று விடியற்காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. வேனை விட்டு இறங்கியதும் பாறையைப் பார்த்தாள். "சார், இன்னிக்கு வேணாமே. நாளைக்கு வச்சுக்கலாம். நகம் ஏற்கெனவே கறுத்துப் போயிருக்கு."

மறுநாள் காலை அறிக்கை போக வேண்டும். "இது ஒண்ணுதான் பாக்கி. அட்டை முடிஞ்சுடட்டும்" என்றேன்.

ஏறினோம். உச்சியில் நின்றால் விமான நிலையத்தின் ஓடுபாதை தெரியும். ஒரு விமானம் கிளம்புவதைப் பார்த்து, "நம்ம ஷூ இதுலதான் போகுமா சார்?" என்று கேட்டாள். கப்பலில் போகும், மாதிரி மட்டும் விமானத்தில் போகும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். இறங்கத் தொடங்கினாள். பாதிச் சரிவில் இடது குதிகால் ஷூவை விட்டு வெளியே வந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். ஷூ அங்கேயே நின்றது, கால் நிற்கவில்லை. பக்கவாட்டில் மடங்கி, பத்தடி கீழே குவாரிக் கல்லில் போய் உட்கார்ந்தாள். கத்தவில்லை. "சார், கால்" என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். வலது ஷூவுக்குள் கட்டைவிரல் நகம் பிய்ந்து, முன்பக்கத் துணி முழுவதும் இரத்தம். அவள் அப்பாவுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அந்த ஜோடியை மடியில் வைத்துக்கொண்டு வேனில் திரும்பி வந்தேன்.

மாதிரி அறை வாசலில் என் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் மேசைமேல் ஜோடியை வைத்தேன். வரதராஜன் சார் முதலில் அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்டார். ஆஸ்பத்திரிச் செலவைத் தொழிற்சாலை பார்த்துக்கொள்ளும் என்றார். பிறகு ஷூவைப் பார்த்தார். தொடவில்லை.

"இத மேசையில ஏன் வச்சீங்க?"

"அனுப்பணும் சார். இருந்தது இருந்தபடி."

"சேறும் ரத்தமுமா? ஒருத்தர் வீட்டுக்கு நாம போட்டுக் கழட்டின செருப்ப அனுப்பறதா, கணேசன்? நம்மூர்ல அதுக்கு என்ன அர்த்தம்?"

"கோப்புல கழுவாமன்னு தெளிவா இருக்கு சார்."

"அவங்க பெருந்தன்மைக்கு எழுதியிருப்பாங்க. கல்யாணத்துக்கு வர்றவங்ககிட்ட 'எதுவும் கொண்டு வராதீங்க'ன்னு நாம சொல்றதில்லயா? அதுக்காக யாராவது வெறுங்கையோட வர்றாங்களா?" கைக்குட்டையை எடுத்தார், எதையும் தொடாமலேயே விரல்களைத் துடைத்தார். "புதுசு மாதிரி பண்ணுங்க. நீங்கதான் பண்ணணும். உங்க கை சுத்தம்."

நான் பண்ணினேன். இரத்தக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் கறை தோலுக்குள் இறுகிவிடும். மூன்று தரம் ஒற்றி எடுத்தேன். முன்பக்க உள்துணியைப் பிரித்துப் புதிது ஒட்டினேன். சோலின் பள்ளங்களில் இருந்த குவாரி மணலைப் பல் குச்சியால் நோண்டி எடுத்தேன். தோலில் விழுந்த கீறலுக்கு மெழுகு, நிறம், மறுபடி மெழுகு. அழகான வேலை. பள்ளிக்கூடத்தில் ஓவியத்துக்கு வாங்கிய பரிசுக்குப் பிறகு நான் இவ்வளவு ஈடுபாட்டோடு எதையும் செய்ததில்லை.

அறிக்கை மறுநாள். பத்தாவது நடையில் என்ன எழுத என்று கேட்டேன். "விழுந்தத எழுதினா ஷூ தள்ளிவிட்ட மாதிரி ஆயிடும். மழையில பாறை வழுக்கினதுக்கு ஷூ என்ன பண்ணும்? அந்தப் பொண்ணோட லிஸ்டும் இந்த ஆர்டர்லதானே இருக்கு?" என்றார். அவளுக்காகத்தான் எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தட்டச்சு செய்தேன்: 'பத்து நடைகளும் நிறைவு. குறை ஒன்றும் இல்லை.' கீழே என் கையெழுத்து. அவள் எழுதிய அட்டையைக் கோப்பில் வைக்கவில்லை. என் மேசை இழுப்பறையில், அளவு நாடாவுக்கு அடியில் வைத்தேன். பத்தாவது வரி காலியாக இருந்தது.

மூன்று வாரத்தில் ஒப்புதல் வந்தது. பத்து நடைக்குப் பிறகும் தேய்மானமே இல்லாத ஷூவைப் பாராட்டி இரண்டு வரி. தொழிற்சாலை முழுவதும் லட்டு கொடுத்தார்கள்.

லட்டு கொடுத்த வாரத்தில் சாமுவேல் வாத்தியார் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பளபளவென்று துடைத்த கறுப்பு ஷூ. தொழிலாளர் இன்சூரன்ஸுக்கு, மகள் வேலை நேரத்தில் அடிபட்டாள் என்று தொழிற்சாலை சான்று தர வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவைத் தொழிற்சாலை கட்டிவிட்டது, இது வேறு. கால் சரியாகும் வரை சம்பளமும், திரும்பி வந்தால் வேலையும் அந்தச் சான்றில்தான் இருந்தன. அலுவலகத்தில் அவரிடம் என் அறிக்கையைக் காட்டினார்கள். அன்றைய நடை குறையில்லாமல் முடிந்திருக்கிறது, அதனால் அவள் விழுந்தது அதற்குப் பிறகு, வேறு எங்கோ என்றார்கள். அவர் என்னிடம் வந்தார்.

"சார், பாப்பா ஏதோ அட்டைல எழுதினேன்னு சொல்றா. அதுல பத்தாவது வரி எழுதலயாம், விழுந்துட்டதால. அந்த அட்டை இருந்தா போதும்னு நெனைக்கறேன். அவ எழுத்து எல்லாருக்கும் புரியும்."

இழுப்பறை என் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஃபைல்ல இல்ல சார்" என்றேன்.

பொய் இல்லை. ஃபைலில் இல்லைதான்.

அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். ஐம்பது பையன்களில் யார் பொய் சொல்கிறான் என்று முப்பது வருடம் கண்டுபிடித்தவர். "தேடிப் பாருங்க சார். கெடச்சா சொல்லி அனுப்புங்க" என்று எழுந்து போனார். அதற்கடுத்த பெர்மனென்ட் பட்டியலில் ஜெசிந்தா பெயர் முதலில் இருந்தது. வரதராஜன் சார் சொன்னதைச் செய்தார். உடல் தகுதிப் பரிசோதனையில் எட்டு மணி நேரம் நிற்க முடியாது என்று டாக்டர் எழுதியதும் பெயரை அடித்துவிட்டார்கள்.

ஒரு வருடம் கழித்து ஷூக்கள் திரும்பி வரத் தொடங்கின. ஒல்லிக் கால்காரர்கள் எல்லாரும் ஒரே குறையைச் சொன்னார்கள்: இறக்கத்தில் குதிகால் தூக்குகிறது, கட்டைவிரல் முட்டுகிறது. வியாபாரியின் தொழில்நுட்ப ஆள் நேரில் வந்தார். முழங்கால் போட்டுத் தரையில் உட்கார்ந்து வேலை செய்கிற வயதானவர். பையிலிருந்து நான் கழுவிய ஜோடியை எடுத்தார். "இதை நாங்கள் அதிசயம் என்று அலமாரியில் வைத்திருந்தோம்" என்றார். சிறு கத்தியால் முன்பக்க உள்துணியை உரித்தார். அடியில் தோலில் பழுப்பாக ஒரு வட்டம். என் வேலையில் அந்த ஒரு குறை.

"இதில் நடந்தவர் ஒன்றுமே சொல்லவில்லையா? பரிசோதித்தவர் யார்?"

வரதராஜன் சார் என்னைப் பார்த்தார். அறிக்கையில் இருந்தது என் கையெழுத்து ஒன்றுதான். நான் எழுந்து போய் இழுப்பறையைத் திறந்து, அளவு நாடாவை நகர்த்தி, அட்டையை எடுத்து வந்தேன். ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். ஒவ்வொரு வரியையும் அன்றன்றே மேலாளருக்குக் காட்டினேன் என்றும் சொன்னேன்.

"இவருக்கு நம் எல்லாரையும்விட ஷூ தெரிந்திருக்கிறது. எங்கே இவர்?" என்று கேட்டார்.

"வேலைய விட்டுட்டாங்க" என்றார் வரதராஜன் சார்.

"பத்தாவது வரி?"

"அன்னிக்கு லீவு" என்றார் அவரே. வந்தவர் என் பக்கம் திரும்பினார். நான் தலையசைத்தேன்.

வரதராஜன் சாரை முதலாளியின் வேறொரு கம்பெனிக்கு மாற்றினார்கள். ஒல்லிக் கட்டைகள் வந்தன. தரப் பிரிவுக்கு நான் தலைமை ஆனேன். போகிற அன்று மாதிரி அறை வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "நீங்க படிச்சவரு, கணேசன். அட்டைய எப்ப வெளிய எடுக்கணும்னு தெரிஞ்சிருக்கு." கடைசிவரை மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு பணி ஓய்வு வரை ஒல்லிக் கால் ஷூவில் நான் தவறே விட்டதில்லை. கருத்தரங்குகளில் பேசச் சொல்வார்கள். அந்த ஒன்பது வரிகளைத்தான் என் அனுபவம் என்று பேசுவேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், பள்ளி திறக்கும் வாரத்தில் என் மகளுக்கு ஷூ வாங்கத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். முக்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஷூ மாட்டிவிட்டுக்கொண்டிருந்தது ஜெசிந்தா. வேறு பெண்கள் எழுந்து எழுந்து பெட்டி எடுத்தார்கள். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே எண் சொன்னாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாங்க சார். பாப்பாவா? எந்திரிச்சு நில்லும்மா, உக்காந்து போட்டா தெரியாது. ரெண்டு கால்லயும் சமமா நில்லு. ம். இப்ப அந்தப் பலகச் சரிவுல இறங்கி வா." கடை ஓரத்தில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அவள் கேட்டு வைத்ததாக இருக்கும். என் மகள் இறங்கி வந்தாள். ஜெசிந்தா அவள் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தூக்குது. இது வேணாம். ஒல்லிக் கால் சார் உங்க பொண்ணுக்கு. நம்பர் கொறைக்காதீங்க, வேற கம்பெனி எடுக்கறேன்."

பெட்டி வந்தது. பிறகு கயிறு கோத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்: "அந்த அட்டை அப்புறம் கெடச்சுதா சார்?"

அப்போது அது என் அலுவலகச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், வருகிறவர்கள் பார்க்கும்படி மாட்டியிருந்தது.

"இல்லம்மா" என்றேன்.

"அப்பா இருந்தவரைக்கும் கேட்டுட்டே இருந்தார்" என்று சொல்லி, கயிற்றை முடிச்சுப் போட்டாள்.

பாஸ்கர், நீ கேட்ட அரைப் பக்கம் இதுதான். வாங்க வருகிறவரை உட்காரவைத்து அளக்காதே, நிற்கவை, மலைக்குப் போடும் சாக்ஸோடு. கயிறு கட்டியதும் கண்ணி வரிசைகள் முட்டிக்கொண்டால் அந்த ஷூ அகலம்; எவ்வளவு லேசாக இருந்தாலும் எடுத்து உள்ளே வை. உள்ளங்கால் அட்டை போட்டுச் சரிக்கட்டலாம் என்று சொல்லாதே. கால் உயரும், குதிகால் வெளியே வரும். இரண்டு சாக்ஸ் கொப்புளம் தரும். நம்பரைக் குறைத்தால் நகம் போகும். எடை குறைவுக்காகப் பின்னட்டையை மெலிதாக்கியிருக்கிறார்களா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார், அமுங்கினால் வேண்டாம். ஏற்றத்தில் எல்லா ஷூவும் நல்ல ஷூதான், இறங்கச் சொல்லிப் பார். குதிகாலையே பார். போட்டவர் ஏதோ சரியில்லை என்றால் சரியில்லை என்றே வைத்துக்கொள்.

இதில் ஒரு வரிகூட என்னுடையது இல்லை. கையேட்டில் அச்சடித்தால் ஜெசிந்தா சாமுவேல் என்று பெயர் போடு. அட்டை இப்போது என் முன்னால் இருக்கிறது, சட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். காலியாக இருந்த வரியை இன்று நிரப்பினேன். அது யாருக்கும் சம்பளமோ வேலையோ வாங்கித் தராது. கேட்டவர் உயிரோடு இல்லை.

'பத்தாம் நடை. மழை ஈரம். வேண்டாம் என்று சொன்னார். நான்தான் ஏறச் சொன்னேன். வேலை நேரத்தில், தொழிற்சாலைக்காக நடந்தபோது, இறக்கத்தில் இடது குதிகால் வெளியே வந்து விழுந்தார். நான் பின்னால் நின்று பார்த்தேன். கணேசன், தரப் பரிசோதகர்.'